பிளேட்டு ஓடுது, மூச்!

சம்பந்தத்துக்கு வாய் பேசறதுக்கு முன்னாடி கை பேசிடும். குரோம்பேட்டை ராதா நகர் ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட 'சம்பந்தம் சவுண்ட் சர்வீஸ்'னு போர்டு மாட்டி, முப்பத்தஞ்சு வருசமா கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட்டு வாடகைக்கு விட்ட மனுஷன். அந்தத் தெருவுல அவர்கிட்ட அறை வாங்காதவன் யாருன்னு தேடித்தான் பாக்கணும். அவர்கிட்ட வேலை பாத்தவன் வாங்கினான், ஒயர் இழுக்க கம்பத்துல ஏறினவன் வாங்கினான். வூட்டு ஆளுங்க வாங்கினது இதுல சேராது. வூட்டு ஆளை அடிக்கறதை அடின்னு யாரு சொல்றா? கண்டிப்புன்னு சொல்லுவாங்க.

ஒரு தரம் பல்லாவரத்துல ஒரு கல்யாணம். ஐயர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்"னு சொல்லப் போற நேரம். சவுண்டு பத்தலைன்னு மாப்பிள்ளையோட சித்தப்பா வந்து ஆம்ப்ளிஃபையர் திருகுல கையை வெச்சுட்டாரு. சம்பந்தம் மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒரே போடு. சித்தப்பாவுக்கு ரெண்டு பல்லு தெறிச்சுடுச்சு. மாப்பிள்ளை வூடும் பொண்ணு வூடும் ஒத்துமையா செஞ்ச முதல் காரியமே சம்பந்தத்தைப் பொரட்டி எடுத்ததுதான். மண்டை பொளந்து ரத்தம் கண்ணுல வழியுது. அப்படியும் தவழ்ந்து வந்து, தாலி ஏறுற நேரத்துக்குக் கெட்டிமேள இசைத்தட்டுல முள்ளைச் சரியான வரையில வெச்சாரு மனுஷன். "கெட்டிமேளம் எதுக்கு? தாலி கட்றப்ப அபசகுனமா ஒரு தும்மலு, ஒரு அழுவைச் சத்தம் யார் காதுலயும் வுழக் கூடாதுன்னுதானே? அதை நான் வுடுவேனா!"ன்னு இதைப் பெருமையா சொல்லிக்கினு திரிவாரு. பல்லு போன மனுஷன் அப்புறம் எப்படிச் சோறு தின்னாருன்னு மட்டும் சொல்ல மாட்டாரு.

அந்தச் சம்பந்தத்துக்கு ஒரே பொண்ணு, ஜெயஸ்ரீ. நாலு வருசத்துக்கு முன்னாடி பொழிச்சலூர்ல டைல்ஸ் கடை வெச்சிருக்கிற உதயாவுக்குக் கட்டிக் குடுத்தாரு. உதயா இருக்கானே, வாயைத் தொறந்தா தேன். "மாமா, மாமா"ன்னு காலைச் சுத்துவான். ஊரெல்லாம் தங்கமான மாப்பிள்ளைன்னு பேரு. ஆனா ஜெயா மூணு தரம் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொறந்த வூட்டுக்கு வந்துட்டா. "அவரு அடிக்கிறாருப்பா." மூணு தரமும் சம்பந்தம் ஒரே பதில்தான் சொன்னாரு. "புருஷன்னா ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். நீ இன்னா பண்ணே?" மூணு தரமும் அவரே பஸ்ஸு ஏத்திக் கொண்டு போய் விட்டாரு.

நாலாவது தரம், ரெண்டாயிரத்து நாலு வைகாசியில, ஜெயா புத்தியா வந்தா. அடின்னு ஒரு வார்த்தை சொல்லலை. கூடவே டாக்ஸி வெச்சு அவளோட கம்ப்யூட்டரைக் கொண்டாந்தா. கல்யாணத்துக்கு முன்னாடி டிடிபி வேலை பாத்தப்ப சொந்தமா வாங்கினது.

"அப்பா, உங்க பிளேட்டெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போவுதே. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி சிடி போட்டுத் தரேன். அது முடியற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்பா" அப்படின்னா.

சம்பந்தத்துக்கு உச்சி குளுந்து போச்சு. கல்யாணப் பிளேட்டு, கோயில் பிளேட்டு எல்லாம் சேத்து இருநூத்திப் பன்னண்டு இசைத்தட்டு. மழைக்கு ஒழுகின பரண்ல அடுக்கி வெச்சு, புள்ளையை விட மேலா காப்பாத்தினது. "இருந்து முடிச்சுட்டே போ. மாப்ளேகிட்ட நான் சொல்லிக்கறேன்"னாரு.

இதுல ஒரு சங்கதி இருக்கு. பிளேட்டை ஏத்தறதுல குறுக்கு வழி கிடையாது. இருபது நிமிஷம் பாட்டு ஏறணும்னா இருபது நிமிஷம் ஓடியே ஆவணும். ரெண்டு பக்கமும் ஓட்டி, தொடைச்சு, பேர் எழுதி வெச்சா ஒரு நாளைக்கு நாலு பிளேட்டு தேறும். இருநூத்திப் பன்னண்டு பிளேட்டுன்னா அம்பது நாளுக்கு மேல ஆவும். ஜெயா அந்த அம்பது நாளைத்தான் வாங்க வந்தா. பிளேட்டு முடிஞ்சா உதயா வூட்டுக்குப் போயாவணும். முடியற வரைக்கும் அவ உசுரு அவகிட்ட. அது சம்பந்தத்துக்குத் தெரியாது. மனுஷனுக்குப் பிளேட்டுல மயிரிழைக் கீறல் இருந்தா அடுத்த ரூம்லேருந்து கேக்கும். மத்தது கேக்காது.

முதல் நாளே சண்டை. "அப்பா, பிளேயர்லேருந்து ஒயரை நேரா கம்ப்யூட்டர் பின்னாடி சொருவினா போதும். மைக்கே வேணாம்"னா ஜெயா.

"இன்னா கதை சொல்றே? மைக் இல்லாம எப்படி ரிக்கார்டு ஆவும்? முப்பத்தஞ்சு வருசம் மைக் புடிச்சவன்கிட்ட வந்து சொல்றியா?" சம்பந்தம் கேக்கலை. ஸ்பீக்கர் பாக்ஸு முன்னாடி ஸ்டாண்டைப் போட்டு, தன்னோட பெரிய மைக்கை மாட்டி, அதோட ஒயரைக் கம்ப்யூட்டர்ல சொருவ வெச்சாரு. ஊர்ல சின்னப் பையன் கூடச் சிரிப்பான். மைக் செட்டுக்காரன் தவிர வேற எவனும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். காதால கேக்காத சத்தத்தை அவர் நம்பறதா இல்லை.

மைக் வெச்சதால வூட்ல ஒரு சட்டம் வந்துச்சு. பிளேட்டு ஓடறப்ப யாரும் பேசக் கூடாது. குக்கர் வெக்கக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது. முள்ளை வெக்கறதுக்கு முன்னாடி கர்ஜிப்பாரு: "பிளேட்டு ஓடுது, மூச்!" அவர் சம்சாரம் கங்கையம்மாளுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. அந்தம்மா முப்பது வருசமா மூச்சு விடாமதான் அந்த வூட்ல குடித்தனம் பண்ணுது.

அறுபது பிளேட்டு முடிஞ்சு, அறுபத்தொண்ணாவதா கல்யாணப் பிளேட்டு ஏறின நாளு ஒரு வியாழக்கிழமை. நாதஸ்வரம். முதல்ல நீளமா ஒரு கீர்த்தனை, அதை ஒட்டினாப்பல கெட்டிமேளம். ஜெயா கல்யாணத்துக்கு வெச்ச பிளேட்டும் அதுதான். கங்கையம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்துச்சு. பிளேட்டு ஓடிக்கிட்டிருக்கறப்ப ஜெயா ஒரு தும்மல் போட்டுட்டா. பூஞ்சைத் தூசு, யாருக்குத்தான் தும்மல் வராது? சம்பந்தம் திரும்பி ஒண்ணு விட்டாரு. அவ்ளோதான். அப்புறம் கேட்டாண்ட ஒரு ஆளைப் பாக்கணும்னு ஞாபகம் வந்து, சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அறைஞ்சதை வாசப்படி தாண்டறதுக்குள்ள மறந்துட்டாரு.

திரும்பி வந்தா, கூடத்துல உதயா உக்காந்திருக்கான். கெட்டிமேளம் தெருவுக்கே கேக்கற மாதிரி அலறுது. கீழ ஒரு பிளேட்டு ரெண்டாப் பொளந்து கெடக்கு. ஜெயா சமையக்கட்டுல கைவிரலை ஈரத்துணியில சுத்திக்கிட்டு நிக்கறா.

"இன்னாடி விரல்ல?"

"கதவுல மாட்டிக்கிச்சுப்பா."

"கண்ணைப் பொடனியில வெச்சிருந்தியா? பிளேட்டு எப்படி ஒடைஞ்சுது?"

உதயா எழுந்து வந்து நடுவுல நின்னான். "ஜெயா கை தவறிப் போட்டுட்டா மாமா. விடுங்க, திட்டாதீங்க. பாவம்."

"மாப்ளே இருக்காரேன்னு பாக்கறேன்"னு பல்லைக் கடிச்சுக்கிட்டாரு சம்பந்தம். தங்கமான மாப்பிள்ளை, பொண்டாட்டியைத் திட்டக் கூட வுட மாட்டேன்றாரேன்னு அவருக்கு மனசுக்குள்ள சந்தோஷம். உதயா காப்பி குடிச்சுட்டுக் கெளம்பறப்ப சொன்னான். "ஞாயித்துக்கிழமை அம்மாவும் ஜீவரத்தினம் ஐயாவும் வராங்க மாமா. ஜெயாவை அழைச்சுட்டுப் போறோம். மிச்ச பிளேட்டை நீங்களே பாத்துக்கங்க." ஜீவரத்தினம் ரெண்டு வூட்டுக்கும் உறவு, கல்யாணத்தைப் பேசி முடிச்சவரு. அவர் வராருன்னா அப்புறம் பேச்சுக்கு இடமே இல்லை.

"தாராளமா அழைச்சுட்டுப் போங்க. உங்க பொருள்தானே"ன்னாரு சம்பந்தம். சமையக்கட்டுல டம்ளர் ஒண்ணு விழுந்து உருண்டுச்சு.

மறுநா ஜெயா ஆஸ்பத்திரிக்குப் போய் சுண்டு விரலுக்குக் கட்டை வெச்சுக் கட்டிக்கிட்டு வந்தா. எலும்பு முறிஞ்சிருக்காம். கதவு அவ்ளோ பலமான்னு கங்கையம்மாள் மட்டும் மெதுவா கேட்டுச்சு.  ஜெயா இன்னொரு கையால அறுபத்தொண்ணாம் நம்பர் சிடியைப் போட்டு, அப்பாவோட மேஜை மேல எல்லாத்துக்கும் மேல வெச்சா.

சனிக்கிழமை மத்தியானம் சம்பந்தம் அந்த வாரத்து சிடியெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுச் சரி பாக்க உக்காந்தாரு. அவர் பழக்கம், தலையைக் கொஞ்சம் வாலைக் கொஞ்சம் கேப்பாரு. ரெண்டும் சுத்தமா இருந்தா நடுவுலயும் சுத்தம். அறுபத்தொண்ணோட தலை சுத்தம். வாலைப் போட்டா, கெட்டிமேளத்துக்கு நடுவுல அவரோட குரலே கேக்குது. "அடடே, வாங்க மாப்ளே! எப்ப வந்தீங்க? இன்னா சவுண்டை இவ்ளோ தூக்கி வெச்சிருக்கீங்க?"

"அடச்சீ, என் கொரலு எப்படி உள்ள போச்சு?" கல்யாணப் பிளேட்டாச்சே, கெட்டுப் போச்சேன்னு அவருக்குப் பத்திக்கிச்சு. எந்த இடத்துலேருந்து கெட்டிருக்குன்னு பாக்க, ஜெயா சொல்லிக் குடுத்த மாதிரி மவுஸுன்ற அந்த எலியை நகத்திக் கொஞ்சம் பின்னால போனாரு.

உதயா குரல். "இன்னும் எத்தனை பிளேட்டு?"

"நூத்தம்பத்தொண்ணு."

"பிளேட்டை ஓட்டறியா, நாளை ஓட்டறியா?" படார்னு ஒரு சத்தம். "இந்தா, நூத்தம்பது. ஒண்ணு கொறைஞ்சுது பாத்தியா? இன்னாடி கன்னத்துல அஞ்சு வெரலு பதிஞ்சிருக்கு? உங்கப்பனா?" ஒரு சிரிப்பு. "உங்கப்பன் அடிச்சா கண்டிப்பு. நான் அடிச்சா மட்டும் பொட்டியைத் தூக்கினு ஓடி வருவியா?"

பளார். இன்னொண்ணு. அலமாரியில மண்டை மோதற சத்தம். நாதஸ்வரம் பாட்டுக்கு நிதானமா வாசிச்சுக்கிட்டிருக்கு.

"எந்த வெரலு பட்டன் அமுக்குது? இதுவா?"

"வேணாங்க. வேணாம்."

"கத்து. இந்த வூட்ல பிளேட்டு ஓடறப்ப எவளும் வாயைத் தொறக்கக் கூடாதாமே. எங்க, கத்து பாக்கலாம்."

அப்புறம் சவுண்டு குபீர்னு ஏறுச்சு. கெட்டிமேளம். அந்த மேளத்துக்கு அடியில, மடக்குன்னு ஒரு சின்ன சத்தம். முருங்கைக் கொம்பு முறியுமே, அந்தச் சத்தம். ஜெயா கத்தலை. மூக்கால ஒரு முனகல், அவ்ளோதான். அதை வேற எவனா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். சம்பந்தம் காதாச்சே, கேட்டுடுச்சு.

 அப்புறம் எழுந்து, அந்த மைக் ஸ்டாண்டுலேருந்து மைக்கைத் திருகிக் கழட்டி வெச்சுட்டு, இரும்புக் கம்பியை மட்டும் கையில எடுத்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. "பொழிச்சலூருக்குப் போறேன். அவன் கையில கீற பத்து வெரலையும் எடுத்தாரேன்." செருப்பு கூடப் போடாம கெளம்பினவரை வாசல்ல மறிச்சவ ஜெயா.

"முதல்லேருந்து கேட்டீங்களாப்பா?"

"கேட்டது போதும். வழி வுடு!"

"முதல்லேருந்து கேளுங்க. அப்புறம் யார் கையை எடுக்கணுமோ எடுங்க."

அவளே உள்ள போய் முதல்லேருந்து போட்டா. திரையில சத்தமெல்லாம் பச்சைக் கோடா ஓடுது. நாதஸ்வரம் புல்லு மாதிரி தரையோட ஓடுது. ஒரு தும்மல், சின்னதா ஒரு செடி. அதுக்குப் பக்கத்துலேயே பனைமரம் மாதிரி ஒரு கோடு விருட்டுனு மேல எழும்பிச்சு. பளார். "பிளேட்டு ஓடறப்ப தும்முவியாடி? வாயைக் கிழிச்சுடுவேன்!" அதுவும் அவர் குரல்தான்.

ஜெயா எலியை நகத்தி உதயா அறைஞ்ச இடத்தையும் காட்டினா. அங்கயும் ஒரு பனைமரம். ரெண்டும் ஒரே உசரம்.

 வெக்கத்துல சம்பந்தத்துக்குக் காது மடலெல்லாம் எரியுது. "ஜெயா, நாளைக்கு அவங்க வரப்ப இதைப் போடுவோம். ஜீவரத்தினம் கேக்கட்டும். இந்த... இந்த முதல்ல கீறதை மட்டும் வெட்டிடேம்மா. கம்ப்யூட்டர்ல வெட்டலாமில்லே?"

"வெட்டலாம்பா. எங்க வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க, வெட்டறேன்."

அவர் திரையைப் பாத்தாரு. மைக் செட்டுக்காரனுக்கு ஒருத்தர் சொல்லணுமா? வெட்டின இடத்துல தாளம் தப்பும். ஜீவரத்தினம் சின்ன வயசுல கோயில் மேளத்துல தாளம் தட்டினவரு. பாட்டு எகிறினா அந்தாளு அடுத்த நொடியே சொல்லிடுவாரு. ஒரு இடத்துல வெட்டினது தெரிஞ்சா மொத்தமும் ஜோடிச்சதுன்னு உதயா தப்பிச்சுப்பான். ஜெயா போயாவணும். பொண்ணைக் காப்பாத்தணும்னா தன்னையும் சேத்துத்தான் போட்டுக் காட்டணும்.

"உனக்கு மைக்கு ஓடறது தெரியுமில்லே?"ன்னு கேட்டாரு.

"தெரியும்பா. அவரு உள்ள வந்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தலை. பாட்டு நேரா ஒயர்லதான் ஏறுதுன்னு அவரு நெனச்சுட்டாரு. இந்தக் காலத்துல மைக் வெச்சு யாரு ஏத்தறா?"

அந்த ராத்திரி சம்பந்தம் சாப்பிடலை. சாப்பிடச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்தாங்க. உதயா, அவனோட அம்மா நாகலக்ஷ்மி, ஜீவரத்தினம். நாகலக்ஷ்மி பூ, பழம், குங்குமம் எல்லாம் தட்டுல வெச்சுக் கொண்டாந்திருந்துச்சு. "கௌம்பும்மா ஜெயா, நல்ல நேரம் முடியறதுக்குள்ள"ன்னு அந்தம்மா சொன்னதுக்கு சம்பந்தம் குறுக்க விழுந்தாரு. "அதுக்கு முன்னாடி ஒரு பிளேட்டு கேளுங்க. ஒரே பிளேட்டு."

சிடியைப் போட்டாரு. கீர்த்தனை ஆரம்பிச்சதும் ஜீவரத்தினத்தோட கை தானா தொடையில தாளம் போட ஆரம்பிச்சுடுச்சு. தும்மல் வந்துச்சு. பளார் வந்துச்சு. சம்பந்தம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

நாகலக்ஷ்மிக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா அண்ணே! பெத்த அப்பன் அடிக்கிற அடியை! இந்த வூட்லயா பொண்ணு இருக்கறது? எம்புள்ளை மேல குத்தம் சொல்ல வந்துட்டாரு பெரிய மனுஷன்!" உதயா விழுந்து விழுந்து சிரிச்சான். "மாமா, உங்க கச்சேரியை நீங்களே போட்டுக் காட்டறீங்களே!"

"இன்னும் கேளுங்க"ன்னாரு சம்பந்தம்.

"இன்னும் எத்தனை பிளேட்டு?"ன்னு ஸ்பீக்கர்ல உதயா குரல் வந்ததும் அவன் சிரிப்பு நின்னு போச்சு. அறை விழுந்துச்சு. மண்டை மோதுச்சு. ஜீவரத்தினம் முகம் இறுகிப் போச்சு, தாளம் போடற கை மட்டும் நிக்கலை. மேளத்துக்கு அடியில அந்த மடக்குச் சத்தம் கேட்டப்ப ஜெயாவோட கட்டுப் போட்ட விரலைத் திரும்பிப் பாத்தாரு.

"பொய்! எல்லாம் கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டினது! டிடிபி படிச்சவ, இவளுக்கு எல்லா வித்தையும் தெரியும்!" உதயா எழுந்து கத்தினான்.

"உக்காரு. முதல்லேருந்து கடைசி வரைக்கும் தாளம் போட்டேன். ஒரு இடத்துல தப்பலை. இதை எவனும் வெட்டலை" அப்படின்னாரு ஜீவரத்தினம்.

அவ்ளோதான், உதயாவோட தேன் வாய் போயிடுச்சு. மேஜையைக் காலால எத்தினான். மானிட்டர் கீழ விழுந்து வெடிச்சுது. அடுக்கி வெச்சிருந்த பிளேட்டு மேல ஏறி மிதிச்சான். பத்து இருபது பிளேட்டு மொடமொடன்னு நொறுங்குச்சு. "பிளேட்டு முடியற வரைக்கும் இருப்பியா? இந்தா, முடிஞ்சுது! எல்லாம் முடிஞ்சுது! கௌம்புடி!" ஜெயாவோட கொண்டையைப் புடிச்சு இழுத்தான். கங்கையம்மாள் அவன் கையில தொங்குச்சு. ஒரு ஒதறு ஒதறினான், செவுத்துல போய் விழுந்துச்சு. சம்பந்தம் பாஞ்சு அவன் கழுத்தைப் புடிச்சாரு. ஒடைஞ்ச பிளேட்டு ஒண்ணை எடுத்து உதயா அவர் நெத்தியில ஒரு இழுப்பு இழுத்தான். ரத்தம் புருவத்தைத் தாண்டி வழியுது. சம்பந்தம் கைக்கு மைக் ஸ்டாண்டு அகப்பட்டுது. தலைக்கு மேல ஓங்கினாரு. இறக்கியிருந்தா உதயா அன்னிக்கே போய்ச் சேந்திருப்பான்.

ஆனா குறுக்கால ஜெயா இருந்தா. அப்பா கை மேல ஏறினதைப் பாத்ததும், கட்டுப் போட்ட கையால தன்னோட மூஞ்சியை மூடிக்கிட்டா. கொண்டையைப் புடிச்சிருக்கறவன் உதயா; அவ ஒடுங்கினது அவனைப் பாத்து இல்லை. ஓங்கின கை அவளுக்குத்தான்னு அவ உடம்பு முடிவு பண்ணிடுச்சு.

சம்பந்தம் அதைப் பாத்தாரு. கம்பி கையிலேருந்து நழுவி அவர் கால் மேலேயே விழுந்துச்சு. அந்தச் சமயம் பாத்து உதயா அவர் வாயில ஒரு குத்து விட்டான். முன்பல்லு ஒண்ணு வந்துடுச்சு. அவர் திருப்பி அடிக்கலை. ஜீவரத்தினம் போட்ட சத்தத்துல தெரு ஆளுங்க நாலு பேர் உள்ள வந்து, உதயாவை மடக்கி, சட்டை கிழிய வெளிய இழுத்துப் போட்டாங்க. நாகலக்ஷ்மி தட்டைக் கூட எடுக்காம மகன் பின்னாடியே ஓடுச்சு.

ஜீவரத்தினம் மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்தாரு. "நான் பேசி முடிச்ச கல்யாணம். என் தலையிலதான் மண்ணு. ஜெயா, நீ அந்த வூட்டுக்குப் போவ வேணாம்மா. நான் சொல்றேன், யாரு கேப்பான்னு பாக்கறேன்." அப்புறம் சம்பந்தத்தைப் பாத்தாரு. "உன் விசயம் இன்னா?"

"கோவத்துல ஒரு தரம் கை நீண்டுடுச்சு அண்ணே. ஒரே ஒரு தரம்"னாரு சம்பந்தம். வாயிலேருந்து ரத்தத்தோடதான் வார்த்தை வருது.

செவுத்தோரம் உக்காந்து கலைஞ்ச முடியை முடிஞ்சுக்கிட்டிருந்த கங்கையம்மாள் தலையைத் தூக்குச்சு. முப்பது வருசத்துல அந்த வூட்ல அது சத்தமா பேசினது அன்னிக்குத்தான்.

"இது ஒண்ணுதான் ரிக்கார்டு ஆயிருக்கு அண்ணே. மத்ததெல்லாம் ஆவலை."

 ஜீவரத்தினம் ஜெயாகிட்ட திரும்பினாரு. "அப்ப இங்கயே இருக்கியாம்மா?"

"இங்கயும் இருக்க மாட்டேன் மாமா. தாம்பரத்துல லேடீஸ் ஹாஸ்டல் பாத்து வெச்சிருக்கேன். டிடிபி சென்டர்ல வேலையும் சொல்லிட்டேன். அதுக்குத்தான் எனக்கு இத்தனை நாள் வேணும்னு இருந்துது." அழுவாம, நிதானமா சொன்னா. அப்புறம் அப்பா பக்கம் திரும்பினா. "அந்த சிடியை எடுத்துக்கறேன்பா. மகளிர் ஸ்டேஷன்ல குடுக்கணும்."

"அதுல நானும் கீறேனே, ஜெயா."

"ஆமாம்பா. இருக்கீங்க."

கம்ப்யூட்டர் கவுந்து கெடந்துச்சு. சம்பந்தம் மண்டி போட்டு, பொட்டியை நிமித்தி, ஒரு பட்டனை ரெண்டு மூணு தரம் அமுக்கினாரு. சிடி வெளிய வந்துச்சு. வேட்டி முனையால தொடைச்சாரு, ரத்தம் பட்டுடுச்சு, இன்னொரு முனையால தொடைச்சு ஜெயா கையில குடுத்தாரு.

ஆட்டோ வந்துச்சு. கங்கையம்மாளும் ஒரு மஞ்சப்பையில ரெண்டு பொடவையைத் திணிச்சுக்கிட்டு ஏறி உக்காந்துச்சு. "நீ எப்ப வருவே?"ன்னு சம்பந்தம் கேட்டதுக்கு, "தெரியலை"ன்னுச்சு.

ஜெயாவோட பொட்டி கனம். வாசல்ல வெச்சுட்டு ஒத்தைக் கையால தூக்கத் தடுமாறினா. சம்பந்தம் உதவிக்குக் கையை நீட்டினாரு. நீட்டின கையைப் பாத்து அவ ஒரு அடி பின்னால போனா. "நான் தூக்கிக்கறேன்பா"ன்னா. ஆட்டோக்காரன் இறங்கி வந்து தூக்கி வெச்சான்.

ஆட்டோ கேட்டைத் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் திரும்பற வரைக்கும் சம்பந்தம் வாசல்லயே நின்னாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு.